அப்பா கப்பலுக்குப் போகாத வருஷம்

என் அப்பா வருஷத்தில் முக்கால்வாசி நாள் கடலில் இருப்பவர். சரக்குக் கப்பலில் போசன் வேலை. கப்பலின் மேல்தளத்தில் கயிறு இழுப்பவர்கள், துரு சுரண்டுபவர்கள், நங்கூரம் இறக்குபவர்கள் எல்லோருக்கும் மூத்தவர் அவர்தான். லீவில் அவர் தூத்துக்குடி வந்து இறங்கினால் எங்கள் வீட்டில் தினமும் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் பீச் ரோட்டில் நடை, நான் கேட்டதெல்லாம் கிடைக்கும். அவர் என்னைத் திட்டியதாக ஒரு நினைவும் எனக்கு இல்லை. திட்டுவதற்கு அவருக்கு நேரமே இருந்ததில்லை.

அதனால்தான், நீட் தேர்வில் முதல் தடவை தோற்றுப்போய் மறுபடியும் படித்துக்கொண்டிருந்த வருஷம், கிறிஸ்துமஸ் முடிந்து கொஞ்ச நாளில் அவர் வந்திறங்கி, "அடுத்த கான்ட்ராக்ட் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஒன் பரீச்ச முடியுத வரைக்கும் நான் இங்கனதான்" என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அம்மா மட்டும் குசினியில் சமையலை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். "மே மாசம் வரைக்குமா?" என்றாள்.

"மே மாசம் வரைக்கும்."

"கம்பெனில மறுபடி கூப்பிடுவானா?"

"கூப்பிடுவான், கூப்பிடாம போவான். புள்ள டாக்டரானா நான் எதுக்குக் கப்பலேறணும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன் என் அறைக்கதவில் இரண்டு தட்டு. மெதுவான தட்டுதான். கப்பலில் அடுத்த வாட்சுக்கு, அதாவது அடுத்த நாலு மணி நேர வேலைக்கு, ஆளை எழுப்பும்போது அப்படித்தான் தட்டுவார்களாம். கதவைத் திறந்தால் கையில் காபி டம்ளரோடு நின்றார். அன்றைய நாளை அவர் நாலு நாலு மணி நேரமாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் நாலு மணி நேரம் உயிரியல். பிறகு கோச்சிங் வகுப்பு. வந்ததும் இயற்பியல். சாப்பாட்டுக்கு இடைவெளி, குளிக்க இடைவெளி, தூங்க இடைவெளி. "வாட்ச் முறைல போனா மனுசன் எவ்வளவு வேலையும் தாங்குவான். நான் இருவது வருசமா பாக்கேன்" என்றார்.

நான் படிக்கும்போது அவர் அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே வர மாட்டார். ஒன்றும் கேட்க மாட்டார். டிவி இணைப்பைத் துண்டித்தாயிற்று. என் போன் அவர் சட்டைப்பையில். பக்கத்து வீட்டில் யாராவது சத்தமாகப் பாட்டு வைத்தால் எழுந்து போய், கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "பரீச்சைக்குப் படிக்கா, கொஞ்சம் கொறச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வருவார். கூட்டம் நிறைந்த வீடாக இருந்தால்கூடப் பரவாயில்லை. நாங்கள் மூன்று பேர்தான். அவர் நாற்காலியில் அசைந்து உட்காரும் சத்தம் எனக்குக் கேட்கும். நான் பக்கம் திருப்பும் சத்தம் அவருக்குக் கேட்கும். அதனால் புரியாவிட்டாலும் அவ்வப்போது பக்கத்தைத் திருப்பினேன்.

அம்மாவுக்கு வேறு விதமான துன்பம். தனியாகவே வீட்டை ஓட்டிப் பழகியவள். அப்பாவுக்கோ கை சும்மா இருக்காது. குசினியில் டப்பாக்களையெல்லாம் உயர வாரியாக அடுக்கினார். கேஸ் குழாயைக் கயிறு போட்டுச் சுவரோடு கட்டினார். ஒரு நாள் அம்மா மிளகுப்பொடியைத் தேடித் தேடி, கிடைக்காமல், அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "இது கப்பலு இல்லங்க, ஆடாது" என்றாள். அப்பா மிளகுப்பொடியை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி என் அறை வாசலுக்கு வந்து உட்கார்ந்தார்.

அவர் ஏன் நான் டாக்டராக வேண்டும் என்று அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது எனக்குத் தெரியும். சாப்பிடும்போது சொல்வார். ஒரு தடவை, கரை வர இன்னும் பல நாள் இருக்கும்போது, அவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு வயிற்று வலி வந்தது. கப்பலில் டாக்டர் கிடையாது. கேப்டன் புத்தகத்தைப் பார்த்து மாத்திரை கொடுத்தார். கரையிலிருந்து ஒரு டாக்டர் போனில் சொல்லச் சொல்ல ஊசி போட்டார்கள். அந்த ஆள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே செத்துப்போனார். "அங்கன ஒரு டாக்டர் இருந்திருந்தா அவன் இன்னைக்கும் இருப்பான்" என்று அப்பா முடிப்பார். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அவர் குரல் தழுதழுக்கும். எனக்குக் கணக்கு வரவில்லை, இயற்பியல் மண்டையில் ஏறவில்லை என்று எப்படிச் சொல்வது? செத்துப்போன ஒருவரோடு எப்படி எதிர்த்துப் பேசுவது?

கோச்சிங் வகுப்பில் வாராவாரம் மாதிரித் தேர்வு வைப்பார்கள். மதிப்பெண் நேராகப் பெற்றோரின் போனுக்குப் போய்விடும். நான் ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வருவதற்குள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்ப்பேன். மதிப்பெண் கூடியிருந்தால் வலது கால் இலேசாக ஆடிக்கொண்டிருக்கும். குறைந்திருந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிந்து அப்படியே இருக்கும். அவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "எந்தப் பாடத்துல போச்சு?" நான் இயற்பியல் என்பேன். "சரி. சாப்பிடு. சாப்பிட்டுட்டு அதையே எடு" என்பார். அவ்வளவுதான். குரல் உயராது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவதுதான் வெளிக்காற்று. ஆனால் பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு நிறுத்துவார்கள். "என்ன டாக்டரம்மா, எப்படிப் போவுது? ஒங்கப்பா ஒனக்காவத்தான் கப்பலுக்கே போகாம கெடக்காராம்லா?" அப்பா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். நானும் பல்லைக் காட்டுவேன். அந்த மாதிரி ஒரு ஞாயிறு மத்தியானம்தான், இயற்பியல் கணக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பப் படித்தும் முதல் வரியைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, என் இடது கை தானாகப் புருவத்துக்குப் போனது. ஒரு முடியைப் பிடித்து இழுத்தேன். சுருக்கென்றது. அந்தச் சுருக்கோடு நெஞ்சில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது போல இருந்தது. நான் இரண்டாவது வரிக்குப் போனேன்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. படித்து முடித்துப் பார்த்தால் புத்தகத்தின் நடு மடிப்பில் குட்டிக் குட்டியாகக் கருப்பு முடிகள் கிடக்கும். ஊதித் தள்ளிவிடுவேன். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம் தொடங்கும்போது இடது புருவத்தில் பாதி இல்லை. ஈஸ்டர் வருவதற்குள் இரண்டுமே இல்லை.

பாதி போயிருந்தபோதே அம்மா பார்த்துவிட்டாள். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வெகு நேரம் பார்த்தாள்.

"என்னளா இது?"

விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"நீயா?"

தலையை ஆட்டினேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அவற்றின் மேல்தான் குற்றம் என்பது போல. பிறகு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அவருக்குத் தெரிய வேண்டாம். தாங்க மாட்டாரு" என்றாள். கடைக்குப் போய்ப் புருவம் தீட்டும் பென்சில் ஒன்று வாங்கி வந்தாள். தினமும் காலையில் எனக்குப் புருவம் வரைந்துவிடுவது அவள் வேலையாயிற்று. ஒரு நாள் அப்பா கவனித்துவிட்டு, "என்ன, இவ மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். "உடம்புச் சூடு. முடி கொட்டுது" என்றாள் அம்மா. அன்றிலிருந்து தினமும் ஒரு இளநீர் வந்தது. அவரே சீவி, அவரே டம்ளரில் ஊற்றி, நான் குடித்து முடிக்கும் வரை நிற்பார்.

மூச்சு விட எனக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. கோச்சிங் முடிந்து வரும்போது சில நாள் ஷேர் ஆட்டோவில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, மீன் இறக்கும் துறைக்குள் போவேன். அந்த நேரத்துக்கு மீன்பிடிக்கப் போன சின்ன வள்ளங்கள் கரை சேர்ந்திருக்கும். ஏலம் போகாத சில்லறை மீனைத் தார்ப்பாயில் கொட்டிப் பெண்கள் விற்றுக்கொண்டிருப்பார்கள். வெயில், ஐஸ் தண்ணீர், டீசல் வாடை, கத்தல். அங்கே யாருக்கும் நான் யார் என்று தெரியாது. என் மதிப்பெண் தெரியாது. நான் குனிந்து உட்கார்ந்து மீன்களைப் பார்ப்பேன். புத்தகத்தில் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதிப் பார்த்ததெல்லாம் இங்கே ஈரமாகக் கிடந்தது. விளமீனின் செவுள் மூடியைத் தூக்கினால் உள்ளே சிவப்புச் சீப்பு மாதிரி அடுக்கு. கணவாயின் கண்ணில் கோணலாக நெளிந்த கருமணி. சினை நண்டின் அடிவயிற்றில் மஞ்சள் முட்டைக் கொத்து. பாடத்தில் எத்தனை தடவை படித்தும் நிற்காதது, அங்கே ஒரு தடவை பார்த்தால் நின்றது. புருவத்துக்கு என் கை போகாத இடம் அது ஒன்றுதான்.

மீன் விற்கும் ஓர் அக்கா, "வாங்குத மாதிரியும் தெரியல, தெனமும் வந்து என்னத்தளா நோண்டுத?" என்று சத்தம் போடுவாள். ஆனால் விரட்ட மாட்டாள்.

நான் வீட்டுக்கு வரும் நேரம் பிந்துவதை அப்பா கவனித்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு பெண்பிள்ளை நேரம் பிந்தினால் ஓர் அப்பா முதலில் என்ன நினைப்பாரோ அதைத்தான் நினைத்திருக்கிறார். ஏப்ரலில் ஒரு நாள் பைக்கை எடுத்துக்கொண்டு என் ஆட்டோவின் பின்னாலேயே வந்துவிட்டார்.

நான் ஒரு மீனின் செவுளுக்குள் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அப்பா. அவர் பயந்து வந்த விஷயம் அங்கே இல்லை என்ற நிம்மதி ஒரு கணம் அவர் முகத்தில் தெரிந்தது. அடுத்த கணம் அது போய்விட்டது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. உதடு வெளுத்திருந்தது.

"எந்திரி."

எழுந்தேன். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இங்கன என்ன செய்யுத?"

"சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன்ப்பா."

"என்னத்தப் பாத்த?"

"மீனு."

சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. என் பக்கம் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது எம் பக்கத்துல எவனும் உக்கார மாட்டான். வாத்தியாரு சன்னலத் தெறந்து வைக்கச் சொல்லுவாரு. எங்கப்பா வள்ளத்துல வல தூக்கிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். எத்தன சோப்பு போட்டுக் குளிச்சாலும் இந்த வாட போவாது. இதுல இருந்து வெளிய வரத்தான்ளா நான் கப்பலேறுனேன். நீ திரும்ப இங்கனயே வந்து உக்காந்திருக்க."

வீட்டுக்கு வந்ததும் அவரே குழாயைத் திறந்துவிட்டு, நான் கை கழுவும் வரை நின்றார். மறுபடியும் கழுவச் சொன்னார். அடுத்த நாளிலிருந்து கோச்சிங்குக்குப் பைக்கில் கொண்டுவிட்டு, வகுப்பு முடியும் வரை எதிரே டீக்கடையில் இருந்து, கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கிருந்த ஒரே ஜன்னலும் மூடிக்கொண்டது. புருவத்தில் பிடுங்க ஒன்றும் மிச்சமில்லாமல் இமை முடிக்குப் போக ஆரம்பித்தது விரல். அம்மா என் விரல் நுனிகளில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். பக்கம் புரட்ட வசதியாக இருக்கும் என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் அதையும் நம்பினார்.

தேர்வு நாள். ஊருக்கு வெளியே, திருநெல்வேலி போகும் சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மையம். மத்தியானத் தேர்வு. காலையில் அம்மா என்னை நாற்காலியில் உட்கார வைத்து வழக்கத்தைவிட மெதுவாகப் புருவம் வரைந்தாள். ஒரு புருவம் சற்று மேலே போய், துடைத்து, மறுபடி வரைந்தாள். "வேர்க்காம இரு" என்றாள். மே மாசத்துத் தூத்துக்குடியில் வேர்க்காமல் எப்படி இருப்பது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கம்மல் கிடையாது, செயின் கிடையாது, முழுக்கை கிடையாது. கழுத்தில் எப்போதும் கிடக்கும் ஜெபமாலையையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு அப்பாவின் பைக்கில் ஏறினேன். உப்பளத்துக்கு நடுவே போகும் சாலையில் அனல் அடித்தது. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று கண் கூசியது. அப்பா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். காற்றில் கேட்கவில்லை. "என்னப்பா?" என்றேன். "பயப்படாதன்னேன்" என்று கத்தினார்.

பள்ளிக்கூட வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். பெற்றோர் கயிற்றுக்கு அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம் வரிசையில், வெயிலில். முன்னால் ஒரு மேசை. ஒரு பெண் அதிகாரி ஒவ்வொருவரின் ஹால்டிக்கெட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். வரிசை மெல்ல நகர்ந்தது. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி இமையில் விழுந்தது. துடைக்கக் கையைத் தூக்கிவிட்டுக் கீழே போட்டேன். என் முன்னால் நின்ற பிள்ளை திரும்பி என்னைப் பார்த்து, கண்ணை விரித்து, சட்டென்று திரும்பிக்கொண்டாள். கறுப்பு வழிகிறது என்று புரிந்துவிட்டது.

என் முறை வந்தது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "முகத்தைத் துடைம்மா" என்று ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார். துடைத்தேன். காகிதம் கறுப்பானது. அவர் ஹால்டிக்கெட்டில் இருந்த படத்தைப் பார்த்தார். அப்பா வருவதற்கு முன்னால் எடுத்த படம். அதில் எனக்கு அம்மாவைப் போல அடர்த்தியான புருவம்.

"இது நீதானா?"

"நான்தான் மேடம்."

"போட்டோல புருவம் இருக்கு. இங்க ஒண்ணுமே இல்லையே. என்ன ஆச்சு? ஏதாவது வைத்தியம் எடுக்கிறியா?"

உடம்புச் சூடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மாவின் பொய் தயாராக இருந்தது. பின்னால் வரிசையில் சலசலப்பு. கயிற்றுக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில், என் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். "என்ன மேடம், என்ன பிரச்சினை? எம் மவதான்" என்று எட்டிப் பார்த்தார்.

"சார், நீங்க பேசாதீங்க. அவ சொல்லட்டும்" என்றார் அதிகாரி.

"நானே பிச்சுக்கிட்டேன் மேடம்" என்றேன்.

"என்ன?"

"நானே பிச்சுக்கிட்டேன். படிக்கும்போது."

அந்த அம்மாள் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இன்னொருவரைக் கூப்பிட்டு ஏதோ பேசினார்கள். என் விரலை ஒரு கருவியில் வைத்து அழுத்தச் சொன்னார்கள். பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு வைத்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. என் பின்னால் இருந்தவர்களை வேறு வரிசைக்கு அனுப்பினார்கள். வாசல் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு விரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

"போம்மா. உள்ள குழாய் இருக்கு. முகத்தக் கழுவிட்டுப் போ" என்றார் அந்த அம்மாள், தாழ்ந்த குரலில்.

முகம் கழுவிவிட்டுத் தேர்வறையில் உட்கார்ந்தேன். உயிரியலை முதலில் எடுத்தேன். செவுள் பற்றி ஒரு கேள்வி வரும் என்று ஆசையாகத் தேடினேன். வரவில்லை. ஆனால் ஓடியது. வேதியியல் பாதி ஓடியது. இயற்பியலுக்கு வந்ததும் கை நெற்றிக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. உள்ளங்கையை மேசையில் அழுத்தி வைத்துக்கொண்டேன். தெரிந்ததை நிரப்பினேன். தெரியாததை விட்டேன். வாசலில் அப்பாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே போய் அதைப் பார்க்க வேண்டுமே என்ற பயத்தில், மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

அப்பா அதே இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மற்ற பெற்றோர் மரத்தடிக்குப் போயிருந்தார்கள். அவர் போனதாகத் தெரியவில்லை. சட்டை முதுகில் வேர்வை காய்ந்து உப்பாக வெளுத்திருந்தது. தேர்வு எப்படி என்று அவர் கேட்கவில்லை. பாட்டிலை நீட்டினார். தண்ணீர் சுட்டது. குடித்தேன்.

வரும் வழியில், பனை மரங்கள் நிற்கும் இடத்தில் நுங்கு விற்பவரைப் பார்த்து பைக்கை நிறுத்தினார். ஓலையில் நுங்கு வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, தன்னுடையதைத் தொடாமல் வைத்திருந்தார்.

"சூட்டுக்குக் கொட்டுதுன்னு ஒங்கம்மா சொன்னா."

நான் நுங்கை விரலால் குத்தினேன்.

"எப்பயில இருந்து? நான் வாரதுக்கு முன்னாடியே உண்டுமா, பொறவா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்காகவே சொல்லியிருக்கலாம். "பொறவுதான்ப்பா" என்றேன்.

அவர் ஓலையைப் பைக்கின் சீட்டில் வைத்தார். சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகம் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவை போய்த் தீரும் வரை காத்திருந்ததுபோலப் பிறகு கேட்டார்.

"நான் ஒன்ன அடிச்சேனா?"

"இல்லப்பா."

"ஏசுனேனா?"

"இல்ல."

"பொறவு ஏன்ளா?"

"நீங்க ஏசியிருந்தா நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்ப்பா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். கையைத் தூக்கி என் நெற்றிப் பக்கம் கொண்டுவந்து, தொடாமல் இறக்கிக்கொண்டார். "வலிக்குமா?" என்று கேட்டார்.

"பிக்கும்போது வலிக்கும். பொறவு கொஞ்சம் நல்லா இருக்கும்."

அவர் அழவில்லை. வீட்டுக்கு வரும் வரை பைக்கை மிக மெதுவாக ஓட்டினார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி ஆகவில்லை. நாற்காலி என் அறை வாசலிலிருந்து போனது, அவ்வளவுதான். தேர்வு முடிவு வந்தது. போன தடவையைவிட நன்றாகக் கூடியிருந்தது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்குக் கூடவில்லை. நாங்கள் மூவரும் போன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

அப்பாதான் முதலில் பேசினார். "இன்னும் ஒரு வருசம். கிட்ட வந்துட்ட. நான் இங்கன இருந்ததுதான் தப்பு. நான் கப்பலுக்குப் போயிருதேன். நீ ஒம் பாட்டுக்குப் படி. ஒருத்தரும் ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

அவர் அதை எவ்வளவு யோசித்துச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. தன் பிழை என்று எதை நினைத்தாரோ அதைத் திருத்திக்கொள்ளத் தயாராக இருந்தார். இதற்குச் சரி என்று சொல்வதுதான் சுலபம்.

"எனக்கு டாக்டருக்குப் படிக்க வேண்டாம்ப்பா."

"பயத்துல சொல்லுத."

"பயமில்ல. இங்கேயே மீன்வளக் கல்லூரி இருக்குல்லா? பிளஸ் டூ மார்க் போதும். அதுல சேந்துக்கிடுதேன்."

அவர் எழுந்துவிட்டார். அந்த வருஷத்திலேயே முதன்முதலாக அவர் குரல் கோபத்தில் உயர்ந்தது. "மீனா? மறுபடி மீனா? நாலு தலைமொறையா வல இழுத்தது பத்தாதா? ஊருல கேட்டா என்ன சொல்லுவேன்? டாக்டராக்கணும்னு கெடந்தேன், எம் மவ மீன் நோண்டப் போயிட்டான்னா?"

"ஊர்ல என்ன வேணும்னாலும் சொல்லிக்கிடுங்க!" நானும் கத்தினேன். எனக்கே என் சத்தம் புதிதாக இருந்தது. "நான் அந்தப் பரீச்சய இன்னொரு தடவ எழுத மாட்டேன். கையக் கட்டிக் கூட்டிட்டுப் போனாலும் எழுத மாட்டேன்!"

அப்பா அம்மாவைப் பார்த்தார், அவள் என்னை அடக்குவாள் என்று. அம்மா அசையவில்லை.

"அவ சொல்லுதது சரிதான். நான் தெனமும் அவளுக்குப் புருவம் எழுதுனேங்க. நீங்க ஒரு தடவ கேட்டிய, நான் ஒரு பொய் சொன்னேன், அதோட விட்டுட்டிய. இன்னொரு வருசம் எழுத என்னால ஆவாது."

அப்பா வெளியே போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்து சாப்பிட்டார். அடுத்து வந்த நாட்களில் என்னிடம் நேராக ஒன்றும் பேசவில்லை. "அவளக் காப்பி குடிக்கச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார், நான் அடுத்த நாற்காலியில் இருக்கும்போதே. கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. பெட்டி கட்டினார். கிளம்பும் அன்று காலை சிலுவை வரைய என் நெற்றியில் கட்டைவிரலை வைத்தவர், கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தார். அப்போது புருவத்தில் மெல்லிய முடி முளைத்திருந்தது. பிறகு ஆட்டோவில் ஏறிப் போனார்.

நான் விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. அம்மாதான் கல்லூரிக்குக் கூட வந்தாள். ரப்பர் பூட்ஸும் வெள்ளைக் கோட்டும் வாங்கினோம். கோட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு அம்மா கடைக்காரரிடம், "டாக்டர் கோட்டு மாதிரியேதான் இருக்கு, என்ன?" என்று கேட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்பாவிடம் அம்மா போனில் சொன்னாள். "ம்" என்றாராம்.

வகுப்பு தொடங்கிச் சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் எனக்கே போன் செய்தார். கப்பல் எங்கோ வெளியே நங்கூரமிட்டிருந்தது. காற்று இரைந்தது.

"பஸ்ஸு நேரத்துக்கு வருதா?"

"வருதுப்பா."

"சாப்பாடு கொண்டு போறியா, அங்கன வாங்குதியா?"

"கொண்டு போறேன்."

"காலைல டெக்குல ஒரு மீனு ஏறி விழுந்து கெடந்துச்சு. ரெக்க வச்சது. போட்டோ அனுப்புதேன். அது என்ன மீனுன்னு பாத்துச் சொல்லு."

படம் வந்து சேர வெகு நேரமாயிற்று. பச்சைப் பெயின்ட் அடித்த தளத்தில் ஒரு பறவைக்கோலா கிடந்தது. அளவு தெரிய வேண்டும் என்று பக்கத்தில் தன் பூட்ஸ் காலை வைத்திருந்தார். வள்ளக்காரர் வீட்டில் பிறந்து, இருபது வருஷம் கப்பலில் கழித்தவருக்குக் கோலா மீனைத் தெரியாமல் இருக்காது. நான் நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து, செட்டையின் நீளத்தைப் பார்த்து, வாலைப் பார்த்து, அது எந்த வகைக் கோலா, எந்தக் கடலில் இருப்பது, எதற்குப் பறக்கிறது என்று நீளமாக எழுதி அனுப்பினேன்.